மழைக்குள் வந்துவிடுவான் என்று செய்த கார்

அங்கயற்கண்ணி அம்மையையும், கண்மாய்க்கரையில் குதிரை ஏறி நிற்கும் எங்கள் அய்யனாரையும் கும்பிட்டுத் தொடங்குகிறேன். அய்யா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இன்று, வீடு தேடி வந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்குகிற உறவின்முறையாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அய்யாவின் மகள் எழுதுவது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்ல வரும்.

கடைசிப் பக்கத்தில் அய்யாவின் மக்கள், மருமகன், பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் அச்சாகியிருக்கிறது. அய்யாவுக்குப் பிள்ளைகள் என்று மிஞ்சியது நானும் என் தம்பியும்தான். தம்பி பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட வேண்டுமா என்று அச்சாபீஸ்காரர் ஆள் அனுப்பிக் கேட்டார். போட வேண்டாம் என்றோம். விட்டுப்போய்விட்டதோ என்று மறுபடியும் கேட்டார். விட்டுப்போகவில்லை, அப்படியே இருக்கட்டும் என்றோம். பர்மாவுக்குப் போன பிள்ளை, சண்டையும் முடிந்துவிட்டது, இன்னும் என்ன என்று உங்களில் பலருக்கும் தோன்றும். அதற்குப் பதில் வேண்டுமானால் அய்யாவின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

அய்யா பிறந்தது திருவாதவூருக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரைச் சிற்றூர். சம்சாரி வீடு, வெள்ளாமைதான் பிழைப்பு. அடுத்தடுத்து மழை பொய்த்ததில் கண்மாய் வெடித்துக் கிடந்த காலத்தில், மீசை அரும்பும் வயதில், மதுரைக்கு நடந்தே வந்தார். பஞ்சுக் கிடங்கில் பொதி சுமந்தார். பிறகு ஆரப்பாளையம் பக்கத்தில் ஒரு மில்லில் கேட் காவலுக்கு எடுத்துக்கொண்டார்கள். கடைசிவரை அதே கேட்தான். அவனியாபுரத்தில் பெண் எடுத்தார். எனக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்த இரண்டு பிள்ளைகளை ஒரே வாரத்தில் வாந்திபேதி கொண்டுபோனது. அதற்குப் பிறகு பிறந்தவன் தம்பி. அவனை அய்யா 'அய்யனாரு குடுத்தது' என்றுதான் சொல்வார்.

மில்லுக்குக் கார் வரும். முதலாளி வீட்டார் கார், பஞ்சு வியாபாரிகள் கார், துரைமார் கார். ஆரன் அடித்ததும் அய்யா ஓடிப்போய்க் கதவைத் திறந்து சலாம் வைப்பார். கார் உள்ளே நுழைகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அதன் உருவத்தைக் கண்ணால் அள்ளிக்கொள்வார். துணிக்கூரை மடக்கும் கார், பெட்டி போல மூடிய கார், மூக்கு நீண்ட கார் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சந்து வீட்டில் மரத்தில் பிறக்கும். அய்யாவுக்குப் பொடி கிடையாது, சீட்டு கிடையாது, நாடகம் கிடையாது. இது ஒன்றுதான் ஆசை. கள்ளிப்பெட்டிப் பலகையில் அடிப்பாகம், மஞ்சணத்திக் கட்டையில் மேல்பாகம், மில்லில் கழித்துப் போட்ட, நூல் சுற்றும் பாபின் கட்டையை வளையம் வளையமாக அறுத்துச் சக்கரம், சைக்கிள் டியூபைச் சுற்றி டயர், குமிழ் ஆணியில் விளக்கு. ஸ்டீரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். அதற்காக அய்யா எத்தனையோ ஞாயிறுகளைச் செலவழித்தார். ஒன்றைக்கூட விற்றதில்லை. சந்தில் யார் வீட்டுப் பிள்ளைக்காவது அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால், மறுநாள் அந்த வீட்டு வாசலில் அய்யா ஒரு காரோடு நிற்பார்.

ஆனால் காரை ஒட்டுவதற்கு வஜ்ஜிரம் காய்ச்ச வேண்டும். தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கிற தச்சர் பசை அது. அதன் நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அம்மா பெரிய பக்திக்காரர். விளக்கேற்றுகிற நேரத்தில் அந்த வாடை வந்தால் பொறுக்கமாட்டார்.

"இந்தாங்க, மாட்டுத்தோலை வீட்டுக்குள்ள காய்ச்சுறீகளே, இது குடும்பம் நடத்துற வீடா, தோல் கிடங்கா? எங்கெயாவது தெருவுல கொண்டுபோயி வச்சுக் காய்ச்சுங்க!"

அய்யா மறுபேச்சுப் பேசாமல் தகரக் குவளையையும் மூன்று கல்லையும் தூக்கிக்கொண்டு சந்து முனைக்குப் போவார். போகிற வருகிறவர்கள், "என்னண்ணே, காருக்குக் குழம்பு கொதிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அய்யாவும் சிரிப்பார்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். மில் கேட் சரிவான இடம். அங்கே காரை நிறுத்துகிற டிரைவர்கள் பின்சக்கரத்துக்கு அடியில் வண்டி உருளாமல் ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அய்யாவும் தான் செய்த கார் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரண்டு கூழாங்கல் வைப்பார். தம்பி விளையாடிவிட்டுக் கல் வைக்காமல் எழுந்துவிட்டால், "எலேய், வண்டிய அநாதையா விட்டுட்டு எங்க போற? கல்லு வச்சுட்டுப் போ" என்று சத்தம் போடுவார். அய்யா அவனை வைதது அதற்கு மட்டும்தான்.

தம்பி வளர்ந்து பஸ் ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்தான். அய்யா செய்த கார்களின் மூக்கெல்லாம் உள்ளே கெட்டிக் கட்டையாக இருக்கும். கேட்டில் எந்தக் காரும் மூக்கைத் திறந்து காட்டியதில்லை, அதனால் உள்ளே என்ன என்பது அய்யாவுக்குத் தெரியாது. தம்பி ஷெட்டிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்து, சோறு தின்றுகொண்டே உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்வான். "அட, அம்புட்டுமா உள்ள இருக்கு?" என்று அய்யா கேட்டுக்கொண்டே இருப்பார். அதிலிருந்து அய்யா செய்த கார்களுக்கு மூக்கு திறந்தது. அப்பனும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு கட்டைக் காரைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிய அந்த நாட்களைப் போல எங்கள் வீட்டில் பிறகு எந்த நாளும் அமையவில்லை.

டிரைவர் ஆனதும் ரங்கூனில் ஒரு முதலாளி வீட்டுக்குக் கார் ஓட்ட ஆள் கேட்டார்கள் என்று தம்பி கிளம்பினான். அம்மா அழுதார். அய்யா ஸ்டேஷன்வரை போனார். "நான் ஓட்டுற கார் எப்படியிருக்குன்னு வந்து சொல்றேன்யா. அதைச் செய்யுங்க. போயிட்டு வாரேன்" என்றான். அவ்வளவுதான். அந்தக் கார் எப்படியிருந்தது என்பதை அவன் வாயால் கேட்க அய்யாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ரங்கூனில் குண்டு விழுந்தது. கப்பல் நின்றது. ஜனங்கள் காட்டு வழியாக, மலை வழியாக நடந்தே வருகிறார்கள் என்று சேதி வந்தது. அய்யா வேலை முடிந்ததும் நேரே மதுரை ஸ்டேஷனுக்குப் போய்விடுவார். எலும்பும் தோலுமாக இறங்குகிறவர்களையெல்லாம் மறித்து, "பர்மாவா? ரங்கூனா? என் மகனைப் பார்த்தீகளா?" என்று கேட்பார். சிலர் அழுவார்கள். சிலர் பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டுவார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலில் நிற்பார். கேட்கமாட்டார். அய்யாவின் நடையைப் பார்த்தே உள்ளே போய்விடுவார்.

கடைசியில் ஒருவர் கிடைத்தார். காஜிமார் தெருவைச் சேர்ந்த பாய். ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தவர். காலில் புண்ணோடு, கைத்தாங்கலாக எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார்.

"அண்ணே, உங்க மகன்தான் எங்களைக் காப்பாத்துனது. முதலாளி முன்னாடியே கப்பல்ல போயிட்டாரு. இவருதான் அந்தக் காருல என் பிள்ளைங்க, இன்னும் ரெண்டு குடும்பம், எல்லாரையும் அடைச்சுக்கிட்டு மலையடிவாரம் வரைக்கும் கொண்டுவந்தாரு. அங்க பெட்ரோல் தீந்துபோச்சு. இனி நடைதான்."

"அப்புறம்?" என்றார் அம்மா.

"எல்லாரும் எறங்கி நடக்க ஆரம்பிச்சுட்டோம். உங்க மகன் மட்டும் நின்னாரு. 'வாரேன் பாய், நீங்க பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு முன்னால நடங்க. சக்கரத்துக்குக் கல்லு வச்சுட்டு வாரேன்'ன்னாரு. 'அட, இனிமே இந்தக் காரு யாருக்குப்பா, விட்டுட்டு வா'ன்னேன். கேக்கலை. 'சரிவுல நிக்குது பாய். கல்லு வைக்காம வந்தா எங்கய்யா வைவாரு'ன்னு சிரிச்சாரு. பின்னால பெருங்கூட்டம். திரும்பிப் பாத்தேன், கூட்டம் மறைச்சிருச்சு. அன்னைக்குப் பொழுது சாய நின்னு பாத்தோம். அல்லா சாட்சியா நின்னு பாத்தோம்ணே. அவரு வரலை."

பாய் குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். அய்யா அழவில்லை. பாய் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டார்.

"அந்தக் காரு எப்படி இருந்துச்சு பாய்? மூக்கு எம்புட்டு நீளம் இருக்கும்? பின்னால பெட்டி உண்டா? கதவு எந்தப் பக்கம் திறக்கும்?"

பாய் திகைத்துப்போனார். அம்மா வெடித்தார்.

"பிள்ளை என்ன ஆனான்னு கேக்காம காரு எப்படி இருந்துச்சுன்னு கேக்குறாரே இந்த மனுசன்! நீங்க செஞ்ச காருதான் என் பிள்ளையப் பர்மாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போச்சு. நீங்க வச்ச கல்லுதான் அவனைப் பின்னால நிறுத்திருச்சு. இன்னும் உங்களுக்குக் காருதானா?"

அய்யா பாயிடம் கேட்டுக் கேட்டுத் தரையில் கரித்துண்டால் அந்தக் காரை வரைந்துகொண்டார். ஏன் கேட்டார் என்பது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. பிறந்த ஊருக்குப் போன பிறகுதான் விளங்கியது.

எங்கள் ஊரில் அய்யனாருக்கு ஆடியில் புரவி எடுப்பு நடக்கும். வேண்டுதல் உள்ளவர்கள் கண்மாய் மண்ணில் ஒரு பிடி எடுத்து, கோயில் பூசையும் பார்க்கிற குயவர் வேளாரிடம் கொடுப்பார்கள். வேளார் அதில் மண்குதிரை செய்து சுடுவார். ஊர் கூடிக் குதிரைகளைச் சுமந்துகொண்டு போய்க் கோயிலில் நிறுத்தும். அந்தக் குதிரையில் ஏறித்தான் சாமி எல்லையைச் சுற்றிவந்து நம்மைக் காப்பாற்றும். அந்த வருஷம் பிடிமண் கொடுக்கிற நாளில் என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அய்யா ஊருக்குப் போனார். எல்லாரும் மண்ணோடு நிற்க, அய்யா மட்டும் ஒரு மஞ்சணத்திக் கட்டையோடு நின்றார்.

"இது என்னப்பா?" என்றார் வேளார்.

"இதுல காரு செஞ்சு தாரேன். குதிரைக்குப் பதிலா."

"அய்யனுக்குக் குதிரைதான் வழக்கம். காரு எந்த ஊரு வழக்கம்?"

"குதிரை நம்ம எல்லைக்குப் போதும் வேளாரே. என் பிள்ளை கடலுக்கு அங்கிட்டு, மலைக்கு அங்கிட்டு நிக்கிறான். அம்புட்டுத் தூரம் குதிரை தாங்குமா? அவன் ஓட்டுன அதே காரைச் செஞ்சு தாரேன். அதைப் பார்த்தா அவன் எங்க இருந்தாலும் ஓடியாருவான்."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அய்யாவின் பங்காளி, எங்களுக்குச் சித்தப்பா முறை, எப்போதும் வாய் சும்மா இராதவர், "ஏண்ணே, பெட்ரோலுக்கு ரேஷன் போட்டுருக்கான், அய்யனாரு கார்டு வாங்கிட்டாரா?" என்றார். "அதுசரி, டிரைவர் யாரு?"

"கருப்பன் ஓட்டட்டும்" என்றார் அய்யா, கொஞ்சமும் சிரிக்காமல்.

"வெளங்கிரும்! கருப்பனுக்கு நாம படைக்கிறது சாராயம். அவன் கையில காரைக் குடுத்தா அய்யனாரு நேரா கம்மாய்க்குள்ளதான் எறங்குவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அய்யாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்குவதைப் பார்த்துச் சித்தப்பாதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். "கோவிச்சுக்காதண்ணே. வாயி அப்படி" என்று பக்கத்தில் வந்து நின்றார். வேளார் சாமி முன்னால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டுச் சிறுபிள்ளையை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தது. சாமி சம்மதித்துவிட்டது. அன்றைக்கு அய்யாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் எழுதிக்காட்ட முடியாது.

விரதம் இருந்து, விடிந்ததும் குளித்து, ஈரத்துணியோடு அந்தக் காரைச் செய்தார். அய்யனார் சைவ சாமி. அதனால் தோல் பசையைக் கையால் தொடமாட்டேன் என்றார். புளியங்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசையில் ஒட்டி, மூங்கில் சிம்பை ஆணியாக அடித்தார். மேலே அரக்கு மெருகு கொடுத்தார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தவர் பொறுக்காமல் சொன்னார்.

"புளியங்கொட்டைப் பசை தண்ணி பட்டா ஊறிப்போகுமே. கோயில்ல மேல கூரை கிடையாது. அடைமழையில எப்படி நிக்கும்?"

அய்யா தலையைத் தூக்காமலே சொன்னார்: "அது எதுக்கு மழை வரைக்கும் நிக்கணும்? மழைக்குள்ள அவன் வந்துருவான்."

ஆடியில் குதிரைகள் வரிசையாகப் போக, அவற்றின் நடுவில் அய்யா காரைத் தலையில் சுமந்துகொண்டு போனார். குதிரைகளுக்கு மத்தியில் இறக்கி வைத்து, பின்சக்கரங்களுக்கு இரண்டு கூழாங்கல் கொடுத்து, விழுந்து கும்பிட்டார். நான் கூடவே கும்பிட்டேன். அம்மாவும் கும்பிட்டார். அன்று நாங்கள் மூன்று பேரும் ஒன்றையே நம்பினோம்.

ஆடி போயிற்று. ஆவணி போயிற்று. புரட்டாசி கடைசியில் வடக்கே வானம் கறுக்கத் தொடங்கியது. அந்த வருஷம் ஊரே மழைக்கு ஏங்கிக்கிடந்தது. கண்மாய் காய்ந்து, கிணறு வற்றி, எல்லாரும் மழை வேண்டிக் கும்பிட்டார்கள். சம்சாரி வீட்டில் பிறந்த அய்யா மட்டும் மில் கேட்டில் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பொறு தாயீ, இன்னும் கொஞ்சம் பொறு" என்று கும்பிட்டாராம். கூட வேலை பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

ஐப்பசி மழை அடித்துக்கொண்டு பெய்தது. தூறல் விடுவதற்குள் பெரியப்பா மகன் அண்ணன் ஊரிலிருந்து வந்தார். வந்தவர் தலையைத் துவட்டாமலே நின்றார்.

"சித்தப்பா, காரு கழண்டுருச்சு. தனித்தனியாக் கிடக்கு."

அம்மா எழுந்துபோய்ச் சாமி விளக்கை அணைத்தார்.

அய்யா அன்றே ஊருக்குப் போய், கண்மாய்க்கரைச் சேற்றில் சக்கரமும் கதவும் மூக்குமாகப் பொறுக்கி, துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் உறவினர்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். சாமிக்குக் கொடுத்தது சிதைந்தால் நல்லதில்லை, சாமி சொல்லிவிட்டது, பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்து அவனைக் கரையேற்ற வேண்டும் என்றார்கள். அம்மாவும் அதையே சொன்னார்.

"அவன் ஆவி எந்தக் காட்டுல அலையுதோ. ஒரு எள்ளும் தண்ணியுமாவது இறைச்சு விடுங்க. உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்."

"பசை கரைஞ்சதுக்குப் பிள்ளை என்னடி செய்வான்?" என்றார் அய்யா. அம்மாவிடம் அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "சாமி ஒண்ணும் சொல்லலை. நான் ஒட்டுனது அப்படி. மழைக்குள்ள வந்துருவான்னு நான் கெடு வச்சேன். சாமிக்குக் கெடு வைக்க நான் யாரு? தப்பு என் கையில. அதுக்காக என் மகனைச் செத்தவனாக்காதீக!"

அன்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு விதமாக வாழ்ந்தார்கள். அமாவாசைதோறும் அம்மா வாழையிலையில் தம்பிக்குப் பிடித்ததைப் படைத்துக் காக்கைக்கு எடுத்துப்போவார். அய்யா வாசலை மறித்து, "அவனுக்கு ஏன் வெளியில வைக்கிற? உள்ள எடுத்து வை. வந்து தின்னுவான்" என்பார். அம்மா விலகிப் போவார். மனஸ்தாபம் என்று சொல்லக்கூடாது. ஒருவரைப் பார்த்தால் ஒருவருக்குத் தாங்கவில்லை. நான் பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் யார் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் அடுக்களையில் நின்றுகொண்டிருப்பேன்.

சண்டை முடிந்தது. கப்பல் விட்டார்கள். போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். அய்யா மறுபடியும் ஸ்டேஷனுக்கு நடந்தார். ஒவ்வொரு ரயிலாகப் பார்த்தார். தம்பி வரவில்லை.

அதற்குள் அய்யாவுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இருமினால் அடங்காது. சேற்றிலிருந்து பொறுக்கி வந்த துண்டுகளைக் கழுவித் துடைத்து, மூங்கில் ஆணி மட்டும் கொடுத்து நிறுத்தி, சாமி மாடத்துக்குக் கீழே வைத்திருந்தார். ஒட்டவில்லை. கை பட்டால் கதவு விழும், மூக்கு சரியும். நான் ஒரு நாள், "ஏன்யா, ஒட்டிரக்கூடாதா?" என்று கேட்டேன்.

"எதை வச்சு ஒட்டுறதுன்னு தெரியலத்தா" என்றார். "புளியங்கொட்டைன்னா கரையுது. வஜ்ஜிரம்னா சாமிக்கு ஆகாது. ரெண்டுக்கும் நடுவுல நான் என்னத்தச் செய்ய?"

கடைசி நாட்களில் பேச்சு குறைந்தது. மூச்சு வாங்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொள்வார். போவதற்கு முந்தின நாள் பகலில், அம்மா கால்மாட்டில் உட்கார்ந்திருக்க, என்னிடம் சொன்னார்.

"அவன் வந்தா ஒண்ணு சொல்லணும். கல்லு வச்சது சரிதான்னு அய்யா சொன்னாருன்னு சொல்லு. வைய மாட்டேன்னு சொல்லு."

அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அய்யா பேசியதாக எனக்கு ஞாபகமில்லை.

மறுநாள் நடந்தது உங்களில் வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்காக எழுதுகிறேன். நீர்மாலை எடுத்து வந்தாயிற்று. கொள்ளிச்சட்டி தயாராக இருந்தது. யார் பிடிப்பது என்ற பேச்சு வந்தது. ஊர்ச் சித்தப்பா, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, பொழுது போகிறதே என்றுதான் சொன்னார்.

"மகன் இல்லாத குறைக்கு அண்ணன் மகன் பிடிக்கட்டும். எடுப்பா சட்டிய."

அய்யாவின் தலைமாட்டில் சுருண்டு கிடந்த அம்மா நிமிர்ந்தார்.

"யாருக்கு மகன் இல்லை?"

அத்தனை வருஷம் அமாவாசைக்கு அமாவாசை பிள்ளைக்குப் படைத்த அம்மாவின் வாயிலிருந்து அது வந்ததை யாராலும் நம்ப முடியவில்லை.

"இந்த மனுசருக்கு மகன் இருக்கான். இன்னும் வந்து சேரலை, அம்புட்டுத்தான். ராசா, அவன் பிடிக்க வேண்டிய சட்டிய அவனுக்காக நீ பிடி. பிள்ளை இல்லாதவருன்னு இவரைத் தூக்கிட்டுப் போகாதீக. அவன் வந்து கேட்டா, உனக்காக நான்தான் பிடிச்சேன்னு நீயே சொல்லணும்."

பெரியப்பா மகன் அண்ணன் அழுதுகொண்டே, "சரி சின்னம்மா, சொல்லுறேன்" என்று சட்டியை எடுத்தார்.

அடுத்த அமாவாசைக்கு அம்மா அய்யாவுக்குப் படைத்துக் காக்கைக்கு வைத்தார். தம்பியின் சோற்றை உள்ளே எடுத்து மூடி வைத்தார். நம்பித்தான் வைக்கிறாரா, அய்யாவுக்காக வைக்கிறாரா, எனக்குத் தெரியாது. கேட்டதுமில்லை. இன்றுவரை அப்படித்தான் வைக்கிறார்.

போன மாதம் நான் போயிருந்தபோது வாசலிலேயே மூக்கைப் பிடிக்கிற நாற்றம். அடுக்களைக்குள் போய்ப் பார்த்தால், அம்மா தன் சமையல் அடுப்பில், அய்யாவின் தகரக் குவளையை வைத்து வஜ்ஜிரம் கிண்டிக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை வேறு.

"என்னம்மா இது? சாமிக்கு ஆகாதேம்மா" என்றேன்.

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். எத்தனை மழை பேஞ்சாலும் நிக்கணும். உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு, கதவைப் பிடிக்க ஆள் வேணும்."

என் வீட்டுக்காரர் துண்டு துண்டாகப் பிடிக்க, அம்மா குச்சியால் தொட்டுத் தொட்டு ஒட்டினார். காய்ந்ததும் சாமி மாடத்துக்குக் கீழே இறக்கி வைத்தார். சக்கரம் லேசாக உருண்டது. அம்மா வாசலுக்குப் போய் இரண்டு கல் பொறுக்கி வந்து பின்சக்கரங்களுக்குக் கொடுத்தார். வருகிற ஆடியில் அதை அய்யனாரிடம் கொண்டுபோகிறோம். வேளார் சம்மதித்துவிட்டார். வர முடிந்தவர்கள் எல்லாரும் வர வேண்டும்.

அய்யா படுத்திருந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போன மில் கேட் ஆட்களுக்கும், மகன் இடத்தில் நின்ற பெரியப்பா மகன் அண்ணனுக்கும், கடைசிவரை கூட நின்ற ஊர்ச் சித்தப்பாவுக்கும், சுகமில்லாத காலோடு மாதம் தவறாமல் வந்து அய்யாவோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போன காஜிமார் தெருப் பாய்க்கும், எங்கள் சொல்லை மதித்துத் தம்பி பெயரை அப்படியே அச்சடித்த அச்சாபீஸ்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கைகூப்பிக் கடமைப்பட்டிருக்கிறது. அய்யாவின் ஆன்மா அய்யனார் காலடியில் இளைப்பாற நீங்களும் வேண்டிக்கொள்ள வேண்டும்.

உங்களிடம் கேட்பதற்கு இன்னும் ஒன்று இருக்கிறது. இந்த மலர் கை மாறிக் கை மாறி எங்கெங்கோ போகும். பர்மாவிலிருந்து வந்தவர்கள், கல்கத்தாப் பக்கம் போய்வருகிறவர்கள், லாரி ஆட்கள், யாராவது படிக்கலாம். எங்கேயாவது ஒரு டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கியதும் முதல் வேலையாகப் பின்சக்கரத்துக்குக் கல் தேடினால், கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அய்யா போய்விட்டார் என்று அவனிடம் சொல்ல வேண்டாம். அதை வீட்டுக்கு வந்தபிறகு நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். கல் வைத்தது சரிதான் என்று அய்யா சொன்னார் என்று மட்டும் சொல்லுங்கள்.